ஆன் ஆர்பர் வசந்தப் பயணம்: கூட்டத்துக்காகப் போவதா, பூவுக்காகப் போவதா?

கொலம்பஸ்வாசி
வணக்கம். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு மூன்று நாள் போய்வர எண்ணம். மகள் பதினொன்றாம் வகுப்பு, கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மகனுக்கு ஏழு வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவும் உடன் வருகிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம். ஒஹையோவின் கொலம்பஸிலிருந்து காரில்தான் வருவோம். மார்ச் முதல் வாரம், ஏப்ரல் நடு, மே முதல் சனிக்கிழமை, ஜூன் தொடக்கம் என்று நான்கு தேதி கையில் இருக்கிறது. மாணவர் கூட்டம், தெருவில் கலகலப்பு, பூக்கள் எல்லாமே வேண்டும். எதைப் பிடிக்கலாம்?

ஹூரான்கரை
எல்லாமே கிடைக்காது. அந்த ஊரில் மாணவர்கள் இருக்கும்போது மரத்தில் இலை இருக்காது. மரம் பூத்துக் குலுங்கும்போது மாணவர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். எது முக்கியம் என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், தேதி தானாக வந்துவிடும்.

காரணம் பல்கலைக்கழக நாட்காட்டி. ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு அங்கே ‘வின்டர் டெர்ம்’ என்றே பெயர். வகுப்புகள் ஏப்ரல் மூன்றாவது, நான்காவது வாரத்தில் முடியும். உடனே தேர்வு. தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் சனிக்கிழமை பட்டமளிப்பு. அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஊர் பாதி காலி.

உங்கள் நான்கு தேதியையும் இதில் பொருத்திப் பாருங்கள். மார்ச் முதல் வாரம் வேண்டவே வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் இடைவிடுமுறை பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ வந்துவிடும், உதாரணமாக 2025இல் மார்ச் 1 முதல் 9 வரை. மாணவர்களும் இருக்க மாட்டார்கள், குளிரும் குறைந்திருக்காது. இரண்டும் கெட்டான் வாரம். மே முதல் சனிக்கிழமை பட்டமளிப்பில் போய் முட்டும். 2024இல் மே 4, 2025இல் மே 3. அந்த வார இறுதிக்கு விடுதி அறைகள் பல மாதம் முன்பே போய்விடும், கிடைத்தாலும் குறைந்தது இரண்டு, மூன்று இரவு எடுக்கச் சொல்வார்கள்.

மிஞ்சுவது ஏப்ரல் நடுவும் ஜூன் தொடக்கமும். ஏப்ரல் நடுவில் வகுப்புகள் நடக்கும், தெரு நிறைந்திருக்கும். பகலில் சராசரியாக 15 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும், இரவில் 4க்கு இறங்கும். ஒரு நாள் வெயில், மறுநாள் பனித்தூறல் என்பதும் ஏப்ரலில் சகஜம். ஜூன் தொடக்கத்தில் பியோனிப் பூ, இளஞ்சூடு, நிறைய அமைதி. மகள் கல்லூரியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு ஏப்ரல் நடுவுக்கு.

பூந்தோட்டக்காரி
ஹூரான்கரை ஏப்ரலை ரொம்பவே தூக்கிப் பிடிக்கிறார். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு 4 டிகிரியில் என்ன கலகலப்பு? பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டமான நிக்கல்ஸ் ஆர்போரீட்டத்தில் இருக்கும் பியோனித் தோட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. 1922இல் டாக்டர் டபிள்யூ. இ. அப்ஜான் கொடுத்த செடிகளிலிருந்து வளர்ந்தது, 1927இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பழைய ரகப் பியோனிகளுக்கு வட அமெரிக்காவிலேயே பெரிய தொகுப்பு, சுமார் 800 செடி. அனுமதி இலவசம்.

மே கடைசி வாரத்தில் முதல் மொட்டு விரியும், ஜூன் முதல், இரண்டாம் வாரத்தில் உச்சம். ஆனால் வசந்தம் சூடாக இருந்தால் முன்னால் வரும், குளிராக இருந்தால் தள்ளிப் போகும். அதனால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்து தோட்டத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள், எத்தனை சதவீதம் மலர்ந்திருக்கிறது என்று போடுவார்கள். இன்னொன்று: பியோனியின் தலை கனம், தண்டு மெல்லிசு. பலத்த மழை ஒரு இரவு அடித்தால் மறுநாள் பாதிப் பூ மண்ணில் கிடக்கும். வானிலையில் இடிமழை என்று போட்டிருந்தால் மழைக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

முட்டி வலிக்காரருக்கு: வாஷிங்டன் ஹைட்ஸ் வாசல் வழியாக நுழைந்தால் பியோனி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் பாதை செங்குத்து, ஏப்ரலில் சேறும் சேரும். பெரியவர்களை மேலேயே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு மட்டும் கீழே போய் வாருங்கள். புல்லுக்குள் இறங்கினால் உண்ணி ஏறும், அறைக்குத் திரும்பியதும் காலையும் சாக்ஸையும் பாருங்கள். வாசலை ஒட்டி இருக்கும் பெரிய வாகன நிறுத்தங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையுடையவை. அங்கே நிறுத்தாதீர்கள்.

நோவி மாமா
தேதிச் சண்டையை நீங்கள் இருவரும் போடுங்கள், நான் காரைப் பார்க்கிறேன்.

கொலம்பஸிலிருந்து யு.எஸ். 23ஐப் பிடித்தால் ஆன் ஆர்பர் வாசல் வரை அதே எண் சாலைதான். சுமார் 190 மைல், நிற்காமல் வந்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டொலீடோவைத் தாண்டியதும் உஷார். மிச்சிகன் சாலையில் வசந்தம் என்றால் குழிதான். தார் விரிசலுக்குள் போன தண்ணீர் இரவில் உறைந்து விரிகிறது, பகலில் உருகி அடியில் வெற்றிடம் விடுகிறது, அதன் மேல் லாரி ஏறினால் மேல்தளம் பொத்துக்கொள்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதே கதை. புறப்படும் முன் டயர் காற்றைச் சரிபாருங்கள், ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். மழை நின்ற குட்டைக்குள் சக்கரத்தை விடாதீர்கள், ஆழம் தெரியாது. குழி தவிர்க்க முடியாது என்றால் அதற்கு முன்பே பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன் சஸ்பென்ஷன் அழுந்தி இருக்கும், ரிம் வளையும்.

மிச்சிகன் காப்பீடு வேறு மாதிரி. இங்கே ‘நோ ஃபால்ட்’ முறை. இன்னொருவர் வந்து உங்கள் காரை இடித்தாலும் பழுதுச் செலவு உங்கள் சொந்த ‘கொலிஷன்’ (மோதல் சேதக்) காப்பீட்டிலிருந்துதான். எதிராளியிடம் ‘மினி டார்ட்’ என்ற சிறு இழப்பீட்டு வழியில் அதிகபட்சம் 3,000 டாலர்தான் கேட்க முடியும். கொலிஷன் எடுக்காத பழைய காரில் வருபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஊருக்குள் இன்னொரு விஷயம். நடைபாதை ஓரத்தில் ஒருவர் கடக்கத் தயாராக நின்றாலே குறுக்குக் கோட்டில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது நகரச் சட்டம். மற்ற ஊர்ப் பழக்கத்தில், சாலையில் இறங்கட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று போனால் அபராதம்தான்.

கொலம்பஸ்வாசி
நன்றி மாமா. ஏப்ரல் என்றே சாய்கிறோம். முதல் சனிக்கிழமை விடுமுறை அமைகிறது, அது பரவாயில்லையா? கார் எங்கே நிறுத்துவது, அறை எங்கே எடுப்பது?

பழைய நீலம்
ஏப்ரல் முதல் சனிக்கிழமையா? அன்றைக்கு ‘ஹாஷ் பேஷ்’. 1972 முதல் கஞ்சா சட்டத்தை எதிர்த்து, வளாகத்தின் நடுவே இருக்கும் டயாக் திடலில் நண்பகலில் கூடுவார்கள். இப்போது மிச்சிகனில் 21 வயது கடந்தவர்களுக்கு அனுமதி உண்டு என்பதால் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் புகை மண்டலம். மகனையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தை முதன்முதலாகப் பார்க்க ஏற்ற நாள் இல்லை.

விசாவில் இருப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது குற்றமே. குடிவரவு விஷயத்தில் கூட்டாட்சிச் சட்டம்தான் பேசும். எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, பார்வையாளர் விசா, கிரீன் கார்டு என எதுவாக இருந்தாலும், வாங்குவதும் வைத்திருப்பதும் மட்டுமல்ல, அதிகாரி கேட்கும்போது ஒப்புக்கொள்வதுகூடப் பின்னால் சிக்கலில் கொண்டுபோய் விடும். கடைப் பலகைகளைப் பார்த்து ‘இங்கே சட்டப்படி சரிதானே’ என்று நினைக்க வேண்டாம்.

ஏப்ரல் இரண்டாவது, மூன்றாவது வார இறுதி எடுங்கள். வெள்ளியையும் சேர்த்துப் பிடியுங்கள், ஏனென்றால் கூட்டம் வார நாளில்தான் தெரியும். 2018 மே மாதத்திலிருந்து வகுப்புகள் மணிக்குச் சரியாகத் தொடங்குகின்றன, பத்து நிமிடம் முன்னதாக முடிகின்றன. ஆகவே 10.50க்கு டயாக் நடுவில் நின்றால் நான்கு பக்கமிருந்தும் மாணவர் வெள்ளம் பாயும், 11.02க்கு வெறிச்சோடும். உங்கள் மகளுக்கு அந்தப் பத்து நிமிடமே ஒரு பாடம். அதே பத்து நிமிடத்தில் ஸ்டேட் தெருவில் காரோடு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தரையில் பதித்திருக்கும் பித்தளை ‘எம்’ எழுத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள். முதல் தேர்வுக்கு முன் மிதித்தால் தேர்வில் போய்விடும் என்று நம்பிக்கை. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுற்றிக் காட்டும் நிகழ்ச்சிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் பதிய வேண்டும். மார்ச், ஏப்ரல் வெள்ளிக்கிழமைகள் முதலில் நிரம்பும், ஏனென்றால் இடம் கிடைத்த மாணவர்களும் அப்போதுதான் வருகிறார்கள். தேதி திறந்த அன்றே பதியுங்கள். பெரும்பாலும் நடைதான், அம்மாவை இதில் சேர்க்க வேண்டாம். பொறியியல் படிக்க ஆசை என்றால் கவனம்: அது மைய வளாகத்தில் இல்லை, வடகிழக்கே சில மைல் தள்ளி நார்த் கேம்பஸில் இருக்கிறது. அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். பொது நிகழ்ச்சி முடிந்து வந்தபின் ‘பொறியியல் கட்டடம் எங்கே’ என்று தேடும் பெற்றோர் ஏராளம். இரண்டுக்கும் நடுவே ஓடும் பல்கலைக்கழக நீலப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, அடையாள அட்டையும் கேட்பதில்லை.

ஹூரான்கரை
வாகன நிறுத்தம் பற்றி: பல்கலைக்கழக நிறுத்தங்களில் வாசல் பலகையைப் படிக்காமல் நுழையாதீர்கள். நீலம், தங்கம், மஞ்சள், ஆரஞ்சு என்று அனுமதி வகைகள். சில இடங்களில் மாலையோடு கட்டுப்பாடு முடியும், சில இடங்களில் 24 மணி நேரமும் உண்டு. நகராட்சியின் அடுக்கு நிறுத்தங்களே நிம்மதி. வளாகத்துக்கு மேனார்ட் தெரு, ஃபாரஸ்ட் அவென்யூ. மெயின் தெருவுக்கு ஃபோர்த் அண்ட் வில்லியம். கெர்ரிடவுன் உழவர் சந்தைப் பக்கம் ஆன்-ஆஷ்லி. ஒரு தடவை நிறுத்திவிட்டு நாள் முழுக்க நடங்கள். இடம் மாற்றி மாற்றி நிறுத்தினால் காசும் போகும், நேரமும் போகும்.

அறைக்கு இரண்டு வழி. வளாகத்தை ஒட்டி எடுத்தால் விலை கூடுதல், வாகன நிறுத்தத்துக்கும் தனியாக வாங்குவார்கள், ஆனால் அம்மா களைத்தால் உடனே அறைக்குப் போகலாம். ஐ-94 நெடுஞ்சாலையில் 177ஆம் வெளிவழியான ஸ்டேட் தெருவிலும், 172ஆம் வெளிவழியான ஜாக்சன் அவென்யூவிலும் சங்கிலி விடுதிகள் வரிசையாக இருக்கின்றன, அவை மலிவு. ஆறு பேர், நடுவில் ஓய்வு தேவைப்படும் பெரியவர்கள் இருவர் என்றால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இணையத்தில் காட்டும் விலையோடு முடியாது, மாநில வரி 6 சதவீதம், அதற்கு மேல் கவுண்டியின் விடுதி வரி.

ஸ்கார்பரோ செல்வி
வணக்கம் உறவுகளே. இழைக்குள்ளே ஒரு கேள்வி. நாங்கள் ரொறொன்ரோவில் இருந்து வாறம். ஏதும் கவனிக்க வேணுமோ?

நோவி மாமா
வாங்கோ. 401 நெடுஞ்சாலையில் வின்ட்சர், அங்கே பாலமோ சுரங்கமோ தாண்டி டெட்ராய்ட், பிறகு 45 மைல் போல. எல்லையில் நிற்பதைச் சேர்க்காமல் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வின்ட்சரில் நெரிசல் என்றால் சார்னியாவின் புளூ வாட்டர் பாலத்தையும் பாருங்கள், புறப்படும் முன் இரண்டின் காத்திருப்பு நேரத்தையும் ஒப்பிடலாம்.

கனடியக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கடவுச்சீட்டு போதும். நிரந்தர வதிவிட உரிமை மட்டும் வைத்து இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு அமெரிக்க விசா தேவை. ஒரே காரில் நான்கு பேருக்குச் சரியாக இருந்து ஐந்தாவது ஆள் வதிவிட அட்டையோடு வந்தால் மொத்தக் காரும் திரும்ப வேண்டியதுதான். மருத்துவக் காப்புறுதி எடுக்காமல் வராதீர்கள், உங்கள் மாகாணக் காப்புறுதி இங்கே கொடுக்கும் தொகை இங்கத்தைய மருத்துவமனைக் கட்டணத்துக்கு உறைபோடக் காணாது. இரண்டு நாட்டிலும் சட்டபூர்வம் என்று நினைத்துக் கஞ்சாவை எல்லை தாண்டிக் கொண்டுவருவதும் குற்றம், எந்தப் பக்கம் போனாலும்.

ஸ்கார்பரோ செல்வி
நல்ல விளக்கம், மிக்க நன்றி. விசா கதையை வீட்டில ஒருக்கா சரிபார்க்க வேணும்.

கெர்ரிடவுன் சமையல்
சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை!

எல்லாரும் போகும் இடம் டெட்ராய்ட் தெருவில் இருக்கும் ஸிங்கர்மன்ஸ் டெலி, 1982இல் தொடங்கியது. சாண்ட்விச்சுகளுக்கு எண் உண்டு. பேர் போன இரண்டாம் எண்ணான ‘ரூபன்’ மாட்டிறைச்சி சாண்ட்விச். எண்ணை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், உள்ளே என்ன என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள். சைவ வகைகள் தனியாக இருக்கின்றன, ரொட்டி வெட்டும் கத்தி, பலகை பற்றி அம்மா கவலைப்படுவார் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். சனிக்கிழமை 12 முதல் 2 வரை வரிசை வெளியே நிற்கும். 11 மணிக்கே போங்கள். விலையும் சாண்ட்விச்சுக்கு அதிகம்தான், ஆனால் பெரிய அளவை இரண்டு பேர் பகிரலாம். லிபர்ட்டி தெருவில் ஜெருசலேம் கார்டனில் ஃபலாஃபல், ஹம்மஸ், பருப்பு சூப் என்று சைவர்களுக்கு வசதி.

பெரியவர்களுக்கு இட்லி, தோசை இல்லாமல் இரண்டாம் நாள் ஓடாது என்றால் பக்கத்து ஊரான கான்டனுக்குப் போங்கள். ஃபோர்ட் சாலையை ஒட்டி இந்தியக் கடைகளும் உணவகங்களும் நிறைய. ஆன் ஆர்பரிலிருந்து அரைமணி நேரத்துக்குள். ஒரு ரைஸ் குக்கர் கொண்டுபோனால் காலைக் கஞ்சி பிரச்சினை தீரும், ஆனால் விடுதி அறையில் தாளிக்காதீர்கள், புகை உணரி அலறிவிடும்.

கெர்ரிடவுன் உழவர் சந்தை ஏப்ரல் முடியும்வரை சனிக்கிழமை மட்டும், மே மாதத்திலிருந்து புதனும் சேரும். ஏப்ரலில் காய்கறி எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாற்று, மேப்பிள் பாகு, தேன், ரொட்டி கிடைக்கும். அஸ்பாரகஸ், ருபார்ப் எல்லாம் மேயில்தான்.

பழைய நீலம்
பையனை மறந்துவிட்டோம். ஹேண்ட்ஸ்-ஆன் மியூசியம் பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் இருக்கிறது, ஏழு வயதுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பறக்கும். டிக்கெட் உண்டு. பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம், கோளரங்கத்துக்கு மட்டும் காசு. மேலே தொங்கும் பழங்காலத் திமிங்கல எலும்புக்கூடு பசிலோசாரஸ், பெயரைக் கேட்டு டைனோசர் என்று சொல்லிவிடாதீர்கள், பையன் திருத்துவான். கடைகளின் சுவரடியில் விரல் உயரத்தில் பதித்திருக்கும் குட்டித் தேவதைக் கதவுகளைத் தேடச் சொன்னால் பெரியவர்கள் மெதுவாக நடக்க நேரம் கிடைக்கும்.

கலை அருங்காட்சியகமும் கெல்சி தொல்பொருள் அருங்காட்சியகமும் இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. நீண்ட வார இறுதி என்று திங்களைச் சேர்ப்பவர்கள் அன்றைக்குக் கட்டடம் நம்பி இருக்காதீர்கள். சட்டக் கல்லூரி நூலகத்தின் பெரிய வாசிப்புக் கூடம் அவசியம் பார்க்க வேண்டியது. தேர்வுக் காலத்தில் வெளியாரை விட மாட்டார்கள், இதுவும் ஏப்ரல் கடைசியைத் தவிர்க்க ஒரு காரணம். மிச்சிகன் யூனியன் வாசல் படியில் 1960 அக்டோபர் 14 அதிகாலை இரண்டு மணிக்கு ஜான் கென்னடி பேசியதுதான், அமெரிக்கத் தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் அமைப்புக்கு வித்து. அங்கே பதித்த பலகை இருக்கிறது, தாத்தாவுக்குப் பிடிக்கும்.

பூந்தோட்டக்காரி
ஏப்ரலில் மழையோ குளிரோ பிடித்தால் டிக்ஸ்பரோ சாலையில் இருக்கும் மத்தாய் தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள். கண்ணாடி வீட்டுக்குள் வெப்பமண்டலப் பகுதி, மிதவெப்பப் பகுதி, பாலைவனப் பகுதி மூன்றும் உண்டு. உள்ளே வெதுவெதுப்பு, தரை சமதளம், வாழை, கோக்கோ எல்லாம் பார்க்கலாம். நடைதூரம் இல்லை, காரில்தான். இதைச் சொல்லிவிட்டு மீண்டும் சொல்கிறேன், ஜூன்தான் நல்லது.

ஹூரான்கரை
:) ஜூனில் ஒரு மாணவரைக் காட்டுங்கள் பார்ப்போம். கோடைப் பருவத்துக்கு இருப்பவர்கள் கொஞ்சம்தான்.

ஆற்றைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: ஆர்கோ அணையை ஒட்டி ஒன்பது சிறு இறக்கங்களாகக் கட்டிய ‘ஆர்கோ காஸ்கேட்ஸ்’ 2012இல் திறந்தது. கயாக் எடுத்து கேலப் (Gallup) பூங்கா வரை சுமார் 3.7 மைல் மிதக்கலாம், திரும்பக் கூட்டிவர வேன் உண்டு. ஏப்ரலில் இதை நம்பாதீர்கள். தண்ணீர் உறைகுளிர், கவிழ்ந்தால் சில நிமிடத்தில் கை விறைக்கும். கனமழைக்குப் பிறகு நீரோட்டம் கூடினால் மே, ஜூனிலும் வாடகைக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். போகும் அன்று காலை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

கொலம்பஸ்வாசி
எல்லாருக்கும் நன்றி. முடிவு: ஏப்ரல் மூன்றாவது வார இறுதி. வெள்ளி காலை 6.30க்குக் கிளம்பி 10 மணிக்கு மேனார்ட் நிறுத்தம், 10.50க்கு டயாக், மதியம் வளாகச் சுற்று. அந்த நேரம் பெரியவர்களும் பையனும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். சனி காலை சந்தை, ஸிங்கர்மன்ஸ், ஹேண்ட்ஸ்-ஆன், மாலை கான்டன். ஞாயிறு மத்தாய், அப்படியே போகிற வழியில் டியர்பார்னில் கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் பார்த்துவிட்டு வீடு. சரிதானே?

நோவி மாமா
இரண்டு திருத்தம். டியர்பார்ன் ‘போகிற வழி’ இல்லை. அது கிழக்கே அரைமணி நேரம் தள்ளி, உங்கள் வழி தெற்கே. கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் குளிர்காலத்தில் மூடி ஏப்ரல் நடுவில்தான் திறக்கும், முழுக்கத் திறந்தவெளி, அரைநாளுக்குக் குறைவாகப் போனால் டிக்கெட் காசு வீண். ஞாயிறு மதியம் அங்கே நுழைந்தால் கொலம்பஸ் சேர இரவு வெகுநேரம் ஆகிவிடும், திங்கள் பள்ளி வேறு. அதை அடுத்த பயணத்துக்கு விடுங்கள்.

இரண்டாவது, பொறியியலா இல்லையா என்று மகளிடம் இன்றைக்கே கேளுங்கள். ஆம் என்றால் வெள்ளி மதியம் நார்த் கேம்பஸுக்கும் இடம் பிடிக்க வேண்டும், 6.30 என்பது 5.30 ஆகும்.

கொலம்பஸ்வாசி
கேட்டேன். பொறியியல்தானாம். 5.30.

பழைய நீலம்
அப்படியென்றால் வியாழன் இரவே வந்து 177ஆம் வெளிவழியில் ஒரு இரவு மலிவாகத் தங்கிவிடுங்கள். வெள்ளி, சனி மட்டும் வளாகத்தை ஒட்டி. விடியலில் அம்மாவை எழுப்பி மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, இறங்கியதும் நடக்கச் சொன்னால் அன்று முழுக்க முட்டி ஒத்துழைக்காது.